புளி வாங்காமல் வருஷம் முழுக்க சாம்பார்: இங்கிலாந்து ருபார்ப் முதல் பிராம்லி ஆப்பிள் வரை

இங்கிலாந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கவலைப்படுவது காய்க்காகத்தான். முருங்கைக்காய் கிடைக்குமா, கத்தரிக்காய் ருசிக்குமா என்று கேட்பார்கள். காய் ஒரு பிரச்சினையே இல்லை. அந்தந்த மாதம் எது மலிவாகக் குவிந்திருக்கிறதோ அதை வாங்குங்கள், முடிந்தது. நான் கவனிக்கச் சொல்வது புளிப்பை. இந்த நாட்டு மண்ணில் ஏறக்குறைய எல்லாப் பருவத்திலும் ஏதோ ஒரு புளிப்பு விளைந்துகொண்டே இருக்கிறது. இங்குள்ளவர்கள் அதன் தலையில் சர்க்கரையைக் கொட்டி, மேலே மாவுத் தூளைத் தூவிச் சுடும் கிரம்பிள் என்ற இனிப்பைச் செய்துவிடுகிறார்கள். நாம் பருப்பில் போடலாம்.

கீழே இருப்பது நாலு பேருக்கான ஒரே ஒரு சாம்பார். பருவத்துக்குத் தக்கபடி மாறுவது புளிப்பும் காயும் மட்டும்தான். தாளிக்கத் தெரியும், குக்கர் வைக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எந்த மாதம் எந்தப் புளிப்பு

ஜனவரியிலிருந்து மார்ச் வரை கிடைப்பது இருட்டுக் கொட்டகையில் வளர்த்த ருபார்ப், அதாவது தண்டை மட்டும் சமைக்கும் ஒரு புளிப்பான செடி. நான் இருப்பது லீட்ஸ் பக்கம், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவே இருக்கும் நிலத்துக்கு 'ருபார்ப் முக்கோணம்' என்றே பெயர். இரண்டு வருஷம் வெளி வயலில் வளர்ந்து பனியில் அடிபட்ட வேர்க்கட்டைகளைத் தோண்டியெடுத்து, வெளிச்சமே புகாத சூடான கொட்டகைக்குள் வைப்பார்கள். வேரில் சேர்ந்திருக்கும் சத்தை மட்டும் வைத்துக்கொண்டு தண்டு கிடுகிடுவென்று மேலே வரும். வெளிச்சம் பட்டால் தண்டு தடித்து நார் ஏறிவிடும் என்பதால் அறுவடையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான். 2010-இல் இதற்கு ஐரோப்பிய புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. பார்க்க இளஞ்சிவப்பு, நார் கிடையாது, புளிப்பும் மென்மை. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளி வயல் ருபார்ப். பச்சையும் சிவப்புமாக, தடியாக, நல்ல காட்டமான புளிப்போடு வரும். சாம்பாருக்கு எனக்குப் பிடித்தது இதுதான். இன்னொரு வசதியும் உண்டு. குளிர்காலக் காய்கள் தீர்ந்து, கோடைக் காய்கள் வராத ஏப்ரல், மே மாதங்களை இங்கத்திய விவசாயிகள் 'பசி இடைவெளி' என்பார்கள். வயலில் பெரிதாக எதுவும் இல்லாத அந்தச் சமயத்தில் ருபார்ப் மட்டும் வஞ்சனையில்லாமல் கிடைக்கும்.

ஜூன் கடைசியும் ஜூலையும் கூஸ்பெரி காலம், பார்க்க நெல்லிக்காய் மாதிரி இருக்கும் வேறொரு புளிப்புப் பழம். செப்டம்பரில் டாம்சன், அதாவது கருநீலத்தில் இருக்கும் சின்ன பிளம். செப்டம்பர் கடைசியிலிருந்து பிராம்லி ஆப்பிள் வந்துவிடும். குளிர்கிடங்கில் நன்றாகத் தாங்கும் ஆப்பிள் என்பதால் அடுத்த வசந்தம் தாண்டியும் கடையில் இருக்கும். ஆக, எந்த மாதமும் கை வறண்டு நிற்க வேண்டாம்.

தேவையானவை

துவரம்பருப்பு 150 கிராம், காய் 250 கிராம், ருபார்ப் தண்டு 200 கிராம், சாம்பார் பொடி 2 டீஸ்பூன், மஞ்சள்தூள், உப்பு, சின்ன வெங்காயம் அல்லது ஷாலட் ஒரு கைப்பிடி, நெல்லிக்காய் அளவில் பாதி வெல்லம். தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை.

தராசு வைத்துக்கொள்ளுங்கள். 'இரண்டு தண்டு' என்று நான் எழுதினால் உங்கள் தண்டு விரல் பருமனா, கைப்பிடிப் பருமனா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும், எனாமல் பூசியதும் பரவாயில்லை. அலுமினியமும் பூச்சில்லாத இரும்புச் சட்டியும் வேண்டாம். ருபார்பின் அமிலம் உலோகத்தை அரித்து, குழம்பில் ஆணியை நக்கிய மாதிரி ஒரு வாடை வந்துவிடும்.

படி 1: ருபார்பைச் சுத்தம் செய்தல்

இலையோடு கிடைத்தால் இலையை மொத்தமாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். கீரை மாதிரி இருக்கிறதே, கடைந்து பார்க்கலாமே என்று கை பரபரக்கும். கூடாது. ருபார்ப் இலை நச்சு, தண்டு மட்டும்தான் உணவு. தண்டிலும் ஆக்சாலிக் அமிலம் உண்டு என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தண்டைக் கழுவி ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கவும். குளிர்கால ருபார்புக்குத் தோல் சீவத் தேவையில்லை. ஜூன் மாதத்துத் தடித்தண்டு என்றால் நுனியில் கத்தியைக் கொடுத்து நாரை உரித்துவிடுங்கள்.

படி 2: பருப்பு

மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய், 500 மில்லி தண்ணீர் விட்டு நாலு விசில். வெளியே எடுத்து நன்றாக மசிக்கவும். எலெக்ட்ரிக் மல்டிகுக்கரிலும் பருப்பு வேகும். எனக்கு விசில் கேட்டால்தான் வெந்ததாகத் தோன்றும், அது என் பழக்கம்.

படி 3: காய், பிறகு பருப்பு, கடைசியில்தான் புளிப்பு

சறுக்குகிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

நேரம் மிச்சம் என்று பருப்போடு ருபார்பையும் குக்கரில் போட்டால் எட்டு விசில் விட்டாலும் பருப்பு மணல்மணலாகவே நிற்கும். பருப்பின், காயின் செல் சுவர்களைக் கட்டி வைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் பருப்பு குழையும், கேரட் மெத்தென்று வேகும். அமிலம் இருந்தால் பெக்டின் லேசில் கரையாது. புளியைப் பருப்போடு வேகவைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்ததும் இதனால்தான். புளித்தண்ணீரை நாம் தனியாகக் கரைத்து வைப்பதால் அங்கே அது மறப்பதில்லை. ருபார்ப் பார்க்கக் காய் மாதிரி இருப்பதால் கை தானாக அதைக் காயோடு சேர்த்துவிடுகிறது.

ஆகவே வரிசை இது. எண்ணெயில் தாளித்து வெங்காயத்தை வதக்கவும். காயைப் போட்டு, சாம்பார் பொடி, உப்பு சேர்த்து, மூழ்குமளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு முழுசாக வேகவிடவும். முக்கால் வேக்காடு போதாது, முழு வேக்காடு. அதற்கு மேல் பருப்பை ஊற்றி ஒரு கொதி வந்ததும் ருபார்பில் பாதியைப் போடவும். அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிஷம். துண்டுகள் நூல்நூலாகக் கலைந்து குழம்போடு ஐக்கியமாகிவிடும். இப்போது ருசி பார்த்து மீதியைச் சேர்க்கலாம். கொட்டகை ருபார்ப் என்றால் பெரும்பாலும் மொத்தமும் தேவைப்படும், வெளி ருபார்ப் என்றால் கொஞ்சம் மிஞ்சலாம்.

தண்ணீரை எப்போதும் ஊற்றுவதைவிட ஒரு டம்ளர் குறைத்தே ஊற்றுங்கள். ருபார்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

படி 4

வெல்லம் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, இறக்கவும். வெல்லத்தை விட்டுவிடாதீர்கள். புளியில் இயல்பாகவே கொஞ்சம் இனிப்பு இருக்கிறது, ருபார்பில் அது கிடையாது.

மற்ற பருவங்களில் மாற்ற வேண்டியவை

கூஸ்பெரி: காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு முழுசாகவே போடலாம், 150 கிராம் போதும். சூட்டில் வெடித்துப் புளிப்பை விடும். ஆனால் இதைச் சாம்பாரில் வீணாக்குவதைவிட ஊறுகாய் போடுங்கள் என்பேன். ஈரமில்லாமல் துடைத்த அரைக் கிலோ பழத்துக்கு 40 கிராம் உப்பு, மூன்று டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் ஒவ்வொரு டீஸ்பூன், காய்ச்சிய நல்லெண்ணெய் 100 மில்லி, பெருங்காயம். எண்ணெயில் பழத்தை லேசாகப் புரட்டி, அடுப்பை அணைத்துப் பொடிகளைக் கலந்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைக்கவும். நம்மூர் நெல்லிக்காயின் துவர்ப்பை இதில் எதிர்பார்க்க வேண்டாம், மாங்காய் ஊறுகாய்க்குத்தான் இது நெருங்கின சொந்தம். யார்க்‌ஷயரில் எக்டன் பிரிட்ஜ் என்ற கிராமத்தில் 1800-லிருந்து இந்தப் பழத்துக்கென்றே போட்டி நடத்தி, யாருடையது அதிக எடை என்று தராசில் வைத்துப் பார்க்கிறார்கள். ஊறுகாய்க்கு அந்த ராட்சதப் பழம் வேண்டாம், சின்னதாக, கல்லு மாதிரி இருப்பதே சரி.

டாம்சன்: கொட்டை சதையோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. கத்தியோடு மல்லுக்கட்டாமல், கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டியில் தேய்த்து விழுதை மட்டும் எடுங்கள். நிறம் கறுப்பாக இருப்பதால் சாம்பாருக்கு அழகில்லை. வத்தக்குழம்புக்கு அபாரம்.

பிராம்லி: நாட்டிங்கம்‌ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி 1809-இல் விதை நட்டு முளைத்த மரத்தின் வாரிசுதான் இன்றைக்குக் கடையில் இருக்கும் ஒவ்வொரு பிராம்லியும். பேரென்னவோ பின்னாளில் அந்த வீட்டை வாங்கின மேத்யூ பிராம்லிக்குப் போய்விட்டது. சூடு பட்டதும் பஞ்சாகக் கரைந்துவிடும் ஆப்பிள் இது. சாம்பாருக்கு நடுத்தரமாக ஒன்று போதும், அதுவே குழம்பைக் கெட்டியாக்கும். இதே காரணத்தால் ரசத்துக்கு ஆகாது. குளிர்காலத்தில் பார்ஸ்னிப் (வெள்ளைக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு), கேரட், லீக் (வெங்காய வகைத் தண்டு) போட்ட சாம்பாரில் பிராம்லி கட்டாயம் வேண்டும். உறைபனி பட்ட பார்ஸ்னிப்பில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், புளிப்பு குறைந்தால் குழம்பு பாயசமாகிவிடும்.

பிறகு சேர்த்தவை: படித்தவர்கள் கேட்டது

லண்டனிலிருந்து ஒருவர், சொன்ன வரிசைப்படியே செய்தும் பருப்பு குழையவில்லை என்று எழுதியிருந்தார். அது ருபார்பின் தப்பில்லை, அங்கத்தியக் குழாய்த் தண்ணீர். எங்கள் பக்கம் மென்னீர், லண்டனில் சுண்ணாம்பு ஏறிய கடின நீர், அந்தக் கால்சியமும் பெக்டினைக் கெட்டிப்படுத்தும். வடிகட்டிய தண்ணீரில் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து அதே தண்ணீரில் வேகவையுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா.

சாம்பார் இளஞ்சிவப்பாகுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மஞ்சள்தூளும் சாம்பார் பொடியும் இருக்கும்போது அந்த நிறம் எங்கே தெரியப்போகிறது?

ஃபிரீசரில் வைக்கலாமா? தாராளமாக. ருபார்ப் துண்டுகளையும் கூஸ்பெரியையும் வேகவைக்காமல் தட்டில் பரப்பி உறையவிட்டு, கெட்டியானதும் பையில் கட்டிவிடுங்கள். எடுக்கும்போது உருகவிடாமல் கொதிக்கிற குழம்பில் நேராகப் போடவும். உருகினால் பாதிப் புளிப்பு தண்ணீரோடு தட்டிலேயே நின்றுவிடும்.

தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யலாமா என்பது கடைசிக் கேள்வி. செய்யலாம், ஆனால் புளிப்பு கரைந்து அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும்.