புதுச்சேரியிலிருந்து செவான் ஏரிக்கு: ஓர் இரவாவது தங்குங்கள்

ஆர்மீனியாவில் செவான் ஏரிக்கரையில் உள்ள செவான் நகரைப் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் அரைநாளில் முடித்துவிடுகின்றன. தலைநகர் யெரெவானிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரே என்பதால் அது எளிதுதான். ஆனாலும் மாலையில் கூட்டம் கலைந்த பிறகே அந்த ஏரியை அமைதியாகப் பார்க்க முடியும் என்பதால், ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

புதுச்சேரியிலிருந்து விமானம் ஏறச் சென்னைக்குப் போகும்போது, பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று நாம் அழைக்கும் ஆர்மீனியன் தெருவில் உள்ள 18ஆம் நூற்றாண்டு ஆர்மீனிய தேவாலயத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தராரு'ம் 1794இல் சென்னையில்தான் வெளியானது. விசா விதிகளை ஆர்மீனிய அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொண்டு, வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி யெரெவானை அடையலாம். அங்கே வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து 'மர்ஷ்ருத்கா' எனப்படும் சிற்றுந்துகள் செவானுக்குச் செல்கின்றன; கையில் ஆர்மீனியப் பணமான திராம் நோட்டுகள் இருக்கட்டும்.

ஏரி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், கோடையில் ஏறத்தாழ கொடைக்கானலின் குளிரில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே குளிக்க ஏற்றவை; அப்போதும் இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

நகரிலிருந்து டாக்சியில் தீபகற்பத்துக்குச் சென்று, படிகளேறி, இளவரசி மரியாம் 874இல் எழுப்பிய செவானவாங்க் மடாலயத்தை அடையுங்கள். கருங்கல் நிறச் சுவர்களுக்கு அப்பால் நீலநீர் விரியும். அவர் காலத்தில் இது தீவாக இருந்தது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் 1930களிலிருந்து ஹ்ரஸ்தான் ஆற்றின் வழியே நீரை வெளியேற்றியதால் நீர்மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் இறங்கி, தீவு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மலையைக் குடைந்து, அர்பா ஆற்றின் நீரை 1981 முதல் ஏரிக்குத் திருப்பினார்கள். ஏரிகளை நம்பி வாழும் நம் ஊரார் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. மடாலயத்துக்குள் பெண்கள் தலையை மூடிக்கொள்வது அங்குள்ள வழக்கம்.

'இளவரசன்' என்று பொருள்படும் இஷ்கான் மீன், ஏரியில் அழிவின் விளிம்பில் உள்ளது. அதனால் கரையோர உணவகங்களில் சிக் என்னும் வெண்மீனைச் சுடச்சொல்லிக் கேளுங்கள். மறுநாள் காலை தெற்கே டாக்சி பிடித்து நோராதூஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 'கச்கார்' எனப்படும் சிலுவை செதுக்கிய நடுகற்கள் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. சாய்வான காலை ஒளியில்தான் அவற்றின் செதுக்கல் துல்லியமாகத் தெரியும்.