ஜிபிஎஸ் நேர சர்வர்: நெட்வொர்க் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிபிஎஸ் நேர சர்வர் என்பது சேட்டிலைட்டிலிருந்து சரியான நேரத்தைப் பெற்று, நெட்வொர்க்கில் உள்ள கருவிகளுக்குக் கொடுக்கும் பெட்டி. அதன் முகப்பில் பச்சை விளக்கு எரிகிறது என்றால் ஆன்டெனாவுக்கு சேட்டிலைட் சிக்னல் கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கடைசி மெஷின் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பதை விளக்கு சொல்லாது. அதை நேரத்தைக் கேட்கும் கருவியின், அதாவது கிளையன்டின், பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் நடப்பது, 8 மணி நேரத்தைக் கூட்டி வைப்பது. நெட்வொர்க்கில் நேரத்தைப் பரப்பும் முறையான என்டிபி, எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை மட்டுமே அனுப்பும். மலேசிய நேரத்துக்கான +8-ஐ ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே கூட்டிக்கொள்ளும். முகப்புத் திரைக்கு டைம் ஸோன் வைப்பதில் தப்பில்லை. ஆனால் என்டிபி பக்கத்தில் இருக்கும் 'ஆஃப்செட்' கட்டத்திலும் 8 என்று போட்டால், பிற்பகல் 3 மணிக்கு கிளையன்ட் இரவு 11 மணி என்று காட்டும். லினக்ஸில் ஓடும் என்டிபிடி என்ற நேர மென்பொருள் 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் வழக்கமாக நின்றுவிடும், அதனால் தவறு உடனே தெரியும். அலுவலக லாகின்களை நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் கண்ட்ரோலரின் இயல்பான வரம்போ 48 மணி நேரம். 8 மணி நேரத்தை மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடும். பிறகு நேரத்தையும் வைத்து அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் லாகின் தொடங்கி எல்லாம் குழம்பும். இதே பக்கத்தில் 'யூடிசி' என்பதற்குப் பதில் 'ஜிபிஎஸ்' நேரத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் மோசம். 2017 தொடக்கத்திலிருந்து ஜிபிஎஸ் நேரம் யூடிசி-யை விட 18 விநாடி முந்தி ஓடுகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 18 விநாடியை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சர்வரின் ஐபி முகவரிக்கு வருவோம். அதை டிஎச்சிபி-யில் (முகவரியைத் தானாக ஒதுக்கும் முறை) விடாதீர்கள். ரூட்டரோ சர்வரோ மறுதொடக்கம் ஆகி ஐபி மாறினால், ஐபி-யை நேரடியாகப் பதிந்த சிசிடிவி ரெக்கார்டர், மெஷின்களை இயக்கும் பிஎல்சி எல்லாம் பழைய முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கும்.

எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கில் உள்ளன என்று சொல்லும் சப்நெட் மாஸ்க்கில் வரும் தவறுதான் மிகவும் தந்திரமானது, ஏனென்றால் எல்லாம் வேலை செய்வது போலவே தெரியும். நெட்வொர்க் 255.255.252.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பழக்கத்தில் சர்வருக்கு 255.255.255.0 போட்டாகிவிட்டது. 192.168.11.20-இல் இருக்கும் கிளையன்ட், 192.168.10.5-இல் இருக்கும் சர்வரை நேரடியாகக் கேட்கும். சர்வரோ அதை வேற்று நெட்வொர்க் என்று நினைத்து, வெளி நெட்வொர்க்குக்கான வாசலான கேட்வே வழியாகப் பதில் அனுப்பும். பிங் போகும், நேரமும் வரும். ஆனால் என்டிபி, போகும் வழியும் வரும் வழியும் சமம் என்று வைத்தே கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் 1 மில்லிவிநாடி வித்தியாசம் என்றால் அதில் பாதி, 0.5 மில்லிவிநாடி, நிரந்தரப் பிழையாக உட்கார்ந்துகொள்ளும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இது பொருட்டல்ல. அளவீட்டுக் கருவிக்குப் பெரிய விஷயம்.

இரண்டு போர்ட் உள்ள சர்வரில் இரண்டிலும் டிஃபால்ட் கேட்வே போடுவதும் வழக்கமான வினை. இரண்டாவது போர்ட்டுக்கு வந்த கேள்விக்கு முதல் போர்ட் வழியாகப் பதில் போகும். நடுவில் உள்ள ஃபயர்வால் தான் பார்க்காத உரையாடல் என்று அதைத் தூக்கிப் போட்டுவிடும். அறிகுறி எளிது: அதே சப்நெட்டில் உள்ளவர்களுக்கு நேரம் கிடைக்கும், பக்கத்து சப்நெட்டுக்குக் கிடைக்காது. டிஃபால்ட் கேட்வே ஒன்றே ஒன்று. மற்ற நெட்வொர்க்குகளுக்கு ஸ்டாட்டிக் ரூட் (நாமே எழுதி வைக்கும் வழி). இரண்டு போர்ட்டையும் ஒரே சப்நெட்டில் வைக்கவும் வேண்டாம். இரண்டு போர்ட்டையும் ஒன்றாகச் சேர்க்கும் பாண்டிங் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஃபயர்வாலில் யூடிபி 123-ஐத் திறக்கும்போது, அனுப்பும் போர்ட்டும் 123 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். என்டிபிடி அப்படித்தான் அனுப்பும். குரோனி என்ற இன்னொரு நேர மென்பொருளோ ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு போர்ட்டிலிருந்து கேட்கும், தடுக்கப்படும். சேரும் போர்ட்டை மட்டும் 123 என்று வையுங்கள். நிர்வாகப் பக்கத்தைத் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) ஒதுக்குங்கள். கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி-க்கு 'பப்ளிக்' என்ற பெயரையும் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றாமல் விடுவது, பூட்டில் சாவியை விட்டுவிட்டுப் போவது மாதிரி.

இரண்டு நேர சர்வர் வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்பது தப்புக்கணக்கு. ஒன்று பிசகினால் எது சரி என்று கிளையன்டுக்குத் தெரியாது. பிசகிய ஒன்றை நம்பகமாக ஒதுக்க நான்கு வேண்டும்.

என்டிபி-யை விட நுட்பமான நேரம் தரும் பிடிபி முறையைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வரி: டொமைன் எண் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும், சுவிட்சில் மல்டிகாஸ்ட் செய்திகளை வடிகட்டும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், பிடிபி செய்திகள் போகும் 224.0.1.129-ஐ மறிக்கவில்லையா என்று பாருங்கள்.

சோதனைக்கு, கிளையன்டில் என்டிபிகியூ கட்டளை காட்டும் சர்வர் பட்டியலைத் திறங்கள். 'ரீச்' 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது; அது எட்டின் அடிப்படையில் எழுதிய (ஆக்டல்) எண், முந்நூற்று எழுபத்தேழு அல்ல. 64 விநாடிக்கு ஒரு கேள்வி என்ற வேகத்தில் அந்த எண்ணுக்கு வரவே எட்டரை நிமிடம் பிடிக்கும், அதனால் அமைப்பை மாற்றிய கையோடு பார்த்துப் பதற வேண்டாம்.

கடைசியாக ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். கோலாலம்பூரில் மாலை இடியில் ஆன்டெனா போவது அரிதல்ல. அப்போது சர்வர் தன் உள்கடிகாரத்தில் ஓடும். எவ்வளவு நேரத்துக்குப் பிறகு 'ஒத்திசைவு இல்லை' என்று அறிவிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் அமைக்க வேண்டும். காலவரையின்றி 'ஸ்ட்ராட்டம் 1' (மூலக் கடிகாரத்தோடு நேரடியாக இணைந்த சர்வர்) என்று சொல்லிக்கொண்டிருக்க விடாதீர்கள். எச்சரிக்கை டிராப் (எஸ்என்எம்பி செய்தி) யூடிபி 162 வழியாகக் கண்காணிப்பு சர்வருக்கு வந்ததா என்று பார்த்துவிட்டுக் கேபிளைத் திரும்ப மாட்டுங்கள்.