பல்லுயிர்த் தொகுதிகளை அறிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குச் செல்வோர், சாலையோரக் காட்டில் மரங்கள் இலையின்றி நிற்பதைக் கண்டு, காடு பட்டுப்போய்விட்டது என்றே பெரும்பாலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல்லுயிர்த் தொகுதிகளை, அதாவது காடு, புல்வெளி, பாலைவனம் போன்ற பெரும் உயிரினப் பரப்புகளை, அறிந்துகொள்வதில் பசுமையின் அளவைக் கொண்டு ஒரு நிலத்தின் நலத்தை மதிப்பிடும் இந்தப் பழக்கமே முதலில் களைய வேண்டிய தவறு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் பெரும்பகுதி வறண்ட இலையுதிர் காடும் முட்புதர்க் காடுமாகும். மண்ணில் ஈரம் குறையும் காலத்தில் இலைவழியே நீர் வெளியேறுவதைத் தவிர்க்கவே வெக்காலி போன்ற மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. மழை விழுந்ததும் மீண்டும் தளிர்க்கின்றன. இதே தவற்றின் நீட்சியாகத்தான் முட்புதர்க் காட்டையும் புல்வெளியையும் தரிசு என்று எழுதிவைத்து, அங்கே குழி தோண்டி மரக்கன்று நடுகிறோம். வெயிலை நம்பி வளரும் புற்களும், அவற்றினிடையே தரையில் முட்டையிடும் கவுதாரி, வானம்பாடி போன்ற பறவைகளும் நிழல் அடர்ந்தபின் அங்கே நிலைப்பதில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே இதைத் தடுப்பது கடினமாக இருக்கிறது.

மொத்த மழையளவை மட்டும் பார்த்து ஒரு பகுதியை வகைப்படுத்துவது, தேர்வுக்குப் படிப்போரிடம் அதிகம் காணப்படும் தவறு. தருமபுரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது, லண்டனில் சுமார் 600 மி.மீ. மட்டுமே. ஆயினும் வறட்சி தெரிவது இங்கேதான். ஏனெனில் நம் மழை சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிட, மிஞ்சிய ஈரத்தை வெயில் விரைந்து ஆவியாக்கிவிடுகிறது. அங்கோ ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் பெய்யும் மழை குளிரில் மெல்லவே உலர்கிறது. பாலைவனம் என்றாலே சுடுமணல் என்று எண்ணுவதும் இவ்வகைப் பிழையே. உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாரா அன்று, பனி மூடிய அண்டார்டிகா.

பல்லுயிர்த் தொகுதியையும் சூழல் மண்டலத்தையும் ஒன்றாகக் கொள்வது அடுத்த குழப்பம். முன்னது தட்பவெப்பத்தால் உருவாகி, கண்டங்கள் கடந்தும் பரவியிருப்பது. பின்னது, 1935இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் டான்ஸ்லி விளக்கியபடி, ஓரிடத்தின் உயிரினங்களும் மண், நீர் முதலிய உயிரற்ற கூறுகளும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் அமைப்பு. ஒரே தொகுதிக்குள் பல சூழல் மண்டலங்கள் இருக்கும் என்பதற்குக் காவிரிக் கரையே சான்று. சரிவில் முள்மரங்கள் காய்ந்து நிற்க, சற்றுக் கீழே ஆற்றோரத்தில் நீர்மருதுகள் கிளையோடு கிளை கோத்து நிற்கின்றன. மழை இரண்டு இடத்துக்கும் ஒன்றே. வேர் எட்டும் நீர்தான் வேறு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் வாழும் சாம்பல் நிற மலை அணில், இந்த ஆற்றோர மரங்களின் உச்சியில் கூடு கட்டி, தரைக்கு இறங்காமலே மரத்துக்கு மரம் தாவுகிறது. அந்த ஆற்றோரக் காடு அதன் வாழிடம். எதைத் தின்கிறது, எப்போது இயங்குகிறது, எதற்கு இரையாகிறது என்பவை சேர்ந்ததே அதன் செயல் வாழிடம். இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர்.

ஆற்றல் சுழல்கிறது என்று எழுதுவதும் பிழையே. ஆற்றல் ஒரு திசையில் பாய்ந்து, உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடும். அடுத்த படிக்குப் பத்து விழுக்காடு செல்லும் என்பதும் தோராயக் கணக்கே. சுழல்பவை ஊட்டச்சத்துகள், இறந்த உடல்களைச் சிதைக்கும் பூஞ்சை, பாக்டீரியா போன்ற உயிரிகள் அவற்றை மண்ணுக்குத் திருப்புகின்றன. அவை எங்கே தங்கியிருக்கின்றன என்று பாராமல், மழைக்காட்டின் மண் வளமானது என்று நம்புவோர் ஏமாறுவார்கள். அமேசானில் பெரும்பாலான இடங்களில் மழை மண்ணின் சத்தை அரித்துவிடுவதால், எஞ்சிய சத்தில் பெரும்பங்கு மரங்களிலேயே இருக்கிறது. காட்டை எரித்துப் பயிரிட்டால் சில ஆண்டுகளில் விளைச்சல் சரிந்துவிடுகிறது. உக்ரைனின் புகழ்பெற்ற கோதுமை வயல்களோ, மரங்கள் அரிதான பழைய புல்வெளிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கரிய மண்ணில் விளைகின்றன.