ஆறுதல் தேடி வருபவரிடம் தத்துவம் பேசுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கவுன்சிலிங் வேலைக்கு வந்த புதிதில், வேலை பறிபோன ஒருவரிடம் ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று சொன்னேன். வீட்டு வாடகைக்கு வழி தெரியாமல் வந்தவர் அவர். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வரவில்லை. வள்ளுவர் சொன்னது உண்மைதான். அதை நான் எடுத்த நேரம் தப்பு.

தத்துவம் மனதுக்கு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறையை உருவாக்கியபோது, அதற்கு வேராக எடுத்துக்கொண்டது பழங்காலக் கிரேக்கத் தத்துவவாதி எபிக்டெட்டஸின் ஒரு கருத்தை: நம்மைக் கலங்கடிப்பது நடந்த சம்பவத்தைவிட, அதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம். 1981இல் ஜெர்மனியில் கெர்ட் ஆகென்பாக், மக்கள் வந்து பேசுவதற்காகவே ஒரு தத்துவ ஆலோசனை அறையைத் திறந்தார். ஆனால் மருந்து என்றால் அதற்கு வேளையும் அளவும் உண்டு.

நான் அதிகம் பார்க்கும் தவறு அவசரம். சாவு விழுந்த வீட்டில் மூன்றாம் நாளே ‘பிறந்தவர் எல்லாம் ஒருநாள் போகத்தான் வேண்டும்’ என்று தொடங்கிவிடுகிறோம். ரோமானியத் தத்துவவாதி செனெகா கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தப்பட்டபோது, மகனைப் பிரிந்து வாடிய தாய் ஹெல்வியாவுக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். ஏன் உடனே எழுதவில்லை என்பதையும் அதிலேயே சொல்கிறார்: துக்கம் பச்சையாக இருக்கும்போது ஆறுதல் சொன்னால் அதுவே துக்கத்தைக் கிளறிவிடும், நோயிலும் முந்திக் கொடுத்த மருந்துதான் பெருங்கேடு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் இவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்.

புத்தர் கிசா கோதமியிடம் நடந்துகொண்டதும் அப்படித்தான். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த தாயிடம் அவர் நிலையாமையைப் போதிக்கவில்லை. சாவே விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். அவள் வீடுவீடாக நடந்தாள், ஒவ்வொரு வீட்டின் இழப்பையும் கேட்டாள், கடைசியில் தானே உணர்ந்தாள். அவள் சார்பில் அந்த நடையை யாராலும் நடந்திருக்க முடியாது. முதல் சில சந்திப்புகளில் கேட்பது மட்டுமே என் வேலை என்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

அடுத்தது ஆபத்தான தவறு. ‘நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது’ என்று பிரித்துப் பார்ப்பது, எபிக்டெட்டஸ் போன்றவர்கள் போதித்த ஸ்டோயிக் தத்துவத்தின் அடிப்படைப் பாடம். தேர்வில் தோற்றவருக்கு அது நன்றாக உதவும். கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் போய் ‘அவரை மாற்ற முடியாது, உங்கள் மனதைத்தான் மாற்றிக்கொள்ள முடியும்’ என்று சொன்னால், அது அடிக்குத் துணைபோவது. எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர். அவருக்கு இல்லாத வழிகள் இந்தப் பெண்ணுக்கு உண்டு. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது, தாய் வீடு இருக்கலாம். அவர் கையில் இருப்பவை என்னென்ன என்று முதலில் அவரோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

கர்மா, விதி என்று விளக்கம் சொல்வதும் இதே வகைதான். ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்பதைப் பாதிக்கப்பட்டவரிடம் சொன்னால், ‘உன் கஷ்டத்துக்கு நீதான் காரணம்’ என்றே அவர் காதில் விழும். அதே புறநானூற்றுப் பாட்டு, ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்றுதான் முடிகிறது. யாரையும் தாழ்த்தாதே என்று முடியும் பாட்டை எடுத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அப்புறம், கேள்வி கேட்கும் விதம். சாக்ரடீஸ் போலக் கேட்கிறேன் என்று குறுக்கு விசாரணையில் இறங்கிவிட வேண்டாம். பதில் நமக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்தக் கேள்வி ஒரு பொறிதான். நம் நம்பிக்கையை அவர் தலையில் ஏற்றவும் கூடாது. கடவுள் நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அவரவர் மொழியிலேயே யோசிக்க உரிமை உண்டு.

கடைசியாக, நோயைத் தத்துவச் சிக்கல் என்று எண்ணிவிடுவது. ‘வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?’ என்று ஒருவர் கேட்டால் தூக்கம், பசி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை என்றால் அவர் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை 14416 எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நீங்களே போன் போட்டுக் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.