இரண்டு மதம் கலந்த குடும்பத்தில் ஒரு சாவு: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

இரண்டு மதத்துக்காரர்கள் கட்டிக்கொண்ட வீடுகளில் பெரிய சண்டை பெரும்பாலும் கல்யாணத்தோடு முடிந்துவிடுவதில்லை. கல்யாணத்துக்காவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் நோட்டீஸ் இருக்கிறது, பேசிச் சமாதானமாக அவகாசம் இருக்கிறது. சாவுக்கு அந்த அவகாசம் கிடையாது. ராத்திரி ஓர் உயிர் போனால், எரிப்பதா புதைப்பதா, ஐயரா பாதிரியாரா, யார் முன்னால் நிற்பது என்று விடிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். வருஷக்கணக்கில் பேசாமல் தள்ளிப்போட்டதெல்லாம் அன்றைக்கு மொத்தமாக வந்து நிற்கும்.

நான் பார்த்தவரை, அங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே குழப்பத்திலிருந்து வருபவை. துக்க வீட்டில் நிற்பதையும் சடங்கு செய்வதையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். "வந்தால் எல்லாம் செய்யணும்" என்று ஒரு பக்கம், "செய்ய முடியாது, அதனால் வரவே மாட்டேன்" என்று இன்னொரு பக்கம்.

இது அதிகம் வெடிப்பது கொள்ளி விஷயத்தில்தான். அப்பா கடைசிவரை இந்து, மகன் ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கரிசி போடுவதும் மொட்டையடிப்பதும் தன் விசுவாசத்துக்கு விரோதம் என்று அவர் மனதார நம்புகிறார். அதற்காக வாசல்வரைகூட வராமல் இருந்துவிடுவது பெரிய தவறு. அந்த அம்மா அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார். வந்தவர் கையில் கொள்ளிச்சட்டியைத் திணித்து, "பெத்த அப்பனுக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்வே" என்று ஊர் முன்னால் கேட்பதும் அதே அளவு தவறு. கொள்ளியைச் சித்தப்பா மகன் வைக்கலாம், பங்காளி வைக்கலாம், மகளும் வைக்கலாம். இப்போது மகள்கள் வைக்கும் வீடுகள் எத்தனையோ. மகன் பாடைக்குத் தோள் கொடுக்கட்டும், சுடுகாடுவரை நடக்கட்டும், செலவை ஏற்கட்டும். இந்த ஏற்பாட்டை அப்பா உயிரோடு இருக்கும்போதே அவரிடமே பேசியிருந்தால், "என் தம்பி மவன் வைக்கட்டும், நீ கூட நில்லு" என்று அவரே சொல்லியிருக்கக்கூடும். பெரியவர்களுக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய மனசு இருக்கிறது. கேட்பதற்குத்தான் நமக்கு நா எழுவதில்லை.

இதே இடத்தில் சொத்துப் பேச்சும் கிளம்பும். "கொள்ளி வைக்காதவனுக்கு என்ன பங்கு?" என்று யாராவது ஒரு பெரியப்பா ஆரம்பிப்பார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பங்குக்கும் கொள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. மதம் மாறிய ஒரே காரணத்துக்காக அந்தச் சட்டம் மகனையோ மகளையோ விலக்குவதும் இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு கொக்கி அதன் 26ஆம் பிரிவில் உண்டு. மதம் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளும் அவர்களுடைய சந்ததியும், சொத்துக்காரர் இறந்து வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துக்களாக இல்லாவிட்டால், இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது. பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க நினைக்கும் தாத்தா பாட்டி உயிலாக எழுதிவிடுவதே நல்லது. சாவு வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நாம் மிகவும் அலட்சியமாக விடுகிறோம். ஒரு துக்க வீட்டில் நேரில் பார்த்தது: தாத்தாவின் உடலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து வரும் நேரம். அம்மாவோடு சர்ச்சுக்குப் போய் வளர்ந்த ஒரு பையன், ஒன்பது பத்து வயது இருக்கும். கூட்டத்தில் ஒரு கை அவனிடம் பந்தத்தை நீட்டியது. அவன் வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அம்மா முகத்தைப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெய் சொட்டிக் கீழே விழுந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் பேசி முடிக்காத விஷயத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முந்தின நாளே, ஏன் அன்று காலையிலாவது, "இப்படி ஒரு சடங்கு இருக்கு, பிடிக்கணும்னா பிடி, வேண்டாம்னா அப்பா பக்கத்தில் நில்லு, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க" என்று சொல்லியிருக்கலாம். அதைப்போலவே, "தாத்தா எங்கே போனார்?" என்று பிள்ளை கேட்கும்போது ஒருவர் சொன்னதை இன்னொருவர் வெட்டிப் பேசாதீர்கள். "அம்மா இப்படி நம்புறேன், அப்பா வேற மாதிரி நம்புறார், ரெண்டு பேருக்கும் தாத்தாவை ரொம்பப் பிடிக்கும்" என்றால் அந்த வயதுக்கு அது போதும்.

வளர்ப்பு பற்றிய பேச்சு கல்யாணத்துக்கு முன்பே நடக்க வேண்டியது. கத்தோலிக்கத் திருச்சபையில் கலப்புத் திருமணத்துக்கு அனுமதி கேட்கும்போது, பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை வாக்குக் கொடுக்க வேண்டும். 1970க்குப் பிறகு மற்றத் துணையிடம் வாக்கு வாங்குவதில்லை, ஆனால் அவருக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும். நடைமுறையில் தெரிவிப்பது ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. மாமனார் வீட்டுக்கு விஷயம் தெரிவது குழந்தையைத் திருமுழுக்குக்குச் சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போகும் அன்றுதான். மதமே வேண்டாம் என்று வளர்க்க நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் குறிப்பிடாமல் விடலாம் என்று தமிழக அரசு 1973லேயே ஆணை போட்டிருக்கிறது.

அடுத்து, எங்கே அடக்கம் என்பது. கணவன் பக்கத்தில்தான் தன்னைப் புதைப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனைவிகள் நிறையப் பேர். முஸ்லிம்களின் கபருஸ்தான் ஜமாத்தின் பொறுப்பில் இருப்பது, கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் அந்தப் பகுதிச் சர்ச் அல்லது சபையின் பொறுப்பில் இருப்பது. மதம் மாறாத துணைக்கு அங்கே இடம் உண்டா என்பதை அவர்களிடம் போய் இப்போதே கேளுங்கள். 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தரில் ஒரு கிறிஸ்தவ போதகரைச் சொந்த ஊரில் புதைக்க எதிர்ப்பு வந்து, மகன் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகச் சொல்லி, கடைசியில் 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்ய உத்தரவானது. அதுவரை ஏறக்குறைய மூன்று வாரம் உடல் பிணவறையில் கிடந்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், உடலை நடுவீட்டில் வைத்துக்கொண்டு போனில் இடம் தேடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

அஸ்தியிலும் இதே சிக்கல் உண்டு. தகனத்தை 1963லேயே கத்தோலிக்கத் திருச்சபை அனுமதித்துவிட்டது. ஆனால் சாம்பலைக் கரைப்பதையோ வீட்டில் வைப்பதையோ 2016இல் வத்திக்கான் கூடாது என்றது. கத்தோலிக்க மனைவியின் அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டுபோக நினைக்கும் இந்துக் கணவர் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

துக்கத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். முஸ்லிம் வீட்டில் கூடிய சீக்கிரம் அடக்கம் செய்துவிடுவார்கள், "நாளைக்குப் போய்க்கலாம்" என்று இருந்துவிட்டால் முகம் பார்க்க முடியாது. மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையின்போது வரிசையில் சேராமல் ஒதுங்கி மரியாதையாக நின்றால் போதும். கத்தோலிக்க அடக்கத் திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கப் போகும் வரிசையில் மற்ற மதத்தவர் போய் நிற்க வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கலாம். திருநீறு நீட்டினால் விருப்பமில்லாதவர் கைகூப்பிவிட்டு நகரலாம். நீட்டியவரும் அதோடு விட்டுவிட வேண்டும்.

எதை மன்னித்தாலும் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. இறந்தவரின் நம்பிக்கையைப் பிணத்தின் தலைமாட்டில் வைத்து எடைபோடும் பேச்சு அது. "ரட்சிக்கப்படாமலே போயிட்டாரே", "குலதெய்வத்தை விட்டதுக்குத்தான் இப்படி ஆச்சு" என்றெல்லாம் சொல்பவர்கள் அதை அக்கறையோடுதான் சொல்வதாக நினைக்கிறார்கள். கேட்கிற மகளுக்கு அது ரணம். ஆறுதல் கூட்டத்தை ஆள் சேர்க்கும் கூட்டமாக்குவதும் இதில்தான் சேர்த்தி. அந்த வீட்டுக்கு அன்று வேண்டியது பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும்.

ஆகவே எழுதி வையுங்கள். எரிப்பதா புதைப்பதா, எங்கே, யார் முன்நிற்பது, எந்தச் சடங்கு வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு பக்கம் போதும். அதைப் பீரோவில் பூட்டி வைக்காமல் இரண்டு தரப்பிலும் ஆளுக்கு ஒருவரிடம் கொடுத்துப் பேசிவிடுங்கள். சடங்கே வேண்டாம் என்கிற பெரியார் வழிக்காரர்களுக்கும் உடல் தானம் எழுதியவர்களுக்கும் இது இன்னும் அவசியம். பதிவு செய்த அட்டை பர்ஸில் இருந்தாலும், மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்து உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டு ஆட்கள்தான். அவர்களில் மிகவும் பக்தியான ஒருவர் "முடியாது" என்று குறுக்கே நின்றால் கல்லூரிக்காரர்கள் வற்புறுத்தப்போவதில்லை. அதனால் அந்தப் பேச்சை அவரிடமிருந்தே ஆரம்பியுங்கள்.