புது இங்கிலீஷ் வார்த்தைக்கு சென்டன்ஸ் போட்டு படிக்கறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பாத்துக்கோங்க

வெளிநாடு போறதுக்கான ஐஇஎல்டிஎஸ்ஸோ ஜிஆர்இயோ, இல்ல இங்க பேங்க் எக்ஸாமோ, எதுக்குப் படிச்சாலும் கோச்சிங் சென்டர்ல முதல் வாரமே சொல்ற அட்வைஸ் ஒண்ணுதான். டெய்லி பத்து வார்த்தை எடு, தமிழ் அர்த்தம் எழுது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சென்டன்ஸ் போடு. பசங்களும் லாங் சைஸ் நோட்டு வாங்கி, ஸ்கேல் வெச்சு மூணு காலம் அடிச்சு, மாசக்கணக்குல விடாம எழுதறாங்க, நோட்டும் ரொம்பிடுது, ஆனா எக்ஸாம் ஹால்ல எஸ்ஸே எழுதும்போது பழையபடி குட், பேட், பிக், வெரி இம்பார்ட்டன்ட் தான் கைக்கு வருது. அப்போ சென்டன்ஸ் போடறதே வேஸ்ட்டான்னா இல்லைங்க, நல்ல பழக்கந்தான். எந்த மாதிரி சென்டன்ஸ், அதையும் எப்போ போடறோம்ங்கறதுலதான் கோட்டை விடறோம்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, தமிழ் அர்த்தத்த மட்டும் பாத்துட்டு சென்டன்ஸ் போடறது. மெட்டிகுலஸ்னு ஒரு வார்த்தை இருக்கு. 'மிகுந்த கவனமுள்ள'ன்னு பக்கத்துல எழுதிக்குவோம், அடுத்த செகண்டே 'பி மெட்டிகுலஸ் வைல் க்ராஸிங் த ரோட்'னு ஒரு சென்டன்ஸ். கிராமர் பக்கா, ஆனா இங்கிலீஷ்ல யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க. தமிழ்ல கவனம்ங்கற ஒரே வார்த்தை ரெண்டு வேலை பாக்குது. 'கவனமா போ, பஸ் வருது'ங்கறதும் கவனந்தான், கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப்ல ஒரு இனிஷியல் கூட மாறாம வரி வரியா பாக்கறதும் கவனந்தான். மெட்டிகுலஸ் அந்த ரெண்டாவது ஆளுக்கு மட்டுந்தான் பொருந்தும்.

இது தமிழ் பேசறவங்களுக்கு மட்டும் வர்ற பிரச்சனைன்னு நெனச்சுடாதீங்க. 1987-ல சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில ஜார்ஜ் மில்லர், பட்ரீஷியா கில்டே ரெண்டு பேரும் சேந்து, குழந்தைங்க வார்த்தைகள எப்படி கத்துக்கறாங்கன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. பள்ளிக்கூடப் பசங்க கிட்ட டிக்ஷனரி அர்த்தத்த குடுத்து சென்டன்ஸ் எழுத சொன்னா என்ன ஆகுதுன்னு அதுல வரும். எரோட்ங்கற வார்த்தைக்கு (நம்ம ஈரோட்டோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கேதான், ஆனா அர்த்தம் அரிச்சுப் போறது) 'ஈட் அவுட்'னு டிக்ஷனரில இருந்திருக்கு, அத வெளிய போய் சாப்பிடறதுன்னு எடுத்துக்கிட்ட ஒரு குழந்தை, எங்க குடும்பம் நிறைய எரோட் பண்ணும்னு எழுதியிருக்கு. ஸ்டிமுலேட்டுக்கு (தூண்டி விடறதுன்னு அர்த்தம்) 'ஸ்டிர் அப்'னு போட்டிருக்கவும், அத கலக்கறதுன்னு எடுத்துக்கிட்ட ஒரு குழந்தையோட சென்டன்ஸ்ல ஒரு அம்மா சூப்ப ஸ்டிமுலேட் பண்ணிட்டாங்க. நம்ம மெட்டிகுலஸும் அதுல இருக்கு, மலை உச்சிலேர்ந்து விழாம மெட்டிகுலஸா இருந்தேன்னு ஒரு குழந்தை. இங்கிலீஷே தாய்மொழியா பேசற பசங்களுக்கு இங்கிலீஷ்லயே அர்த்தம் குடுத்தும் இந்தக் கதின்னா, ரெண்டு வார்த்தை தமிழ் அர்த்தத்த வெச்சுக்கிட்டு நம்ம போடற சென்டன்ஸ் எங்க போய் நிக்கும்னு பாத்துக்கோங்க.

இன்னொரு உதாரணம் சொல்றேன், இது இன்னும் மோசம். மிட்டிகேட், அலீவியேட், கர்ட்டெயில், அபேட், இந்த நாலுக்கும் நோட்ல 'குறைத்தல்' இல்லாட்டி 'குறைதல்'னு தான் இருக்கும். அப்புறம் எத எங்க வேணா போடலாம்னு ஆகிடுது, டிவி சத்தத்த மிட்டிகேட் பண்ணு, கடைக்காரர் விலைய அலீவியேட் பண்ணார்னு எழுதி வெக்கறாங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கூட வர்ற ஆளுங்க, அதாவது கூட்டாளி வார்த்தைங்க, வேற. அலீவியேட்னா வலி, கஷ்டம், வறுமை மாதிரி ஒருத்தர் அனுபவிக்கற துன்பம். கர்ட்டெயில்னா செலவு, உரிமை, அதிகாரம், அதாவது வெட்டி சுருக்கறது. அபேட் பெரும்பாலும் தானா தணியறது, புயல் அபேட் ஆகும், கோபம் அபேட் ஆகும், நீங்க போய் அத குறைக்க வேண்டியதில்ல. மிட்டிகேட்னா ஒரு கெட்ட விஷயத்தோட வீரியத்த குறைக்கறது. இதுக்கு நம்ம நாட்டு சட்டத்துலயே அழகான உதாரணம் இருக்கு, 2005-ல வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்துல மிட்டிகேஷன்னா என்னன்னு ஒரு விளக்கம் குடுத்திருப்பாங்க, ரிஸ்க், இம்பாக்ட், எஃபெக்ட்ஸ், இத குறைக்கற நடவடிக்கைன்னு. மிட்டிகேட்டுக்குப் பக்கத்துல எப்பவும் உக்கார்ற மூணு பேரும் ஒரே வரில வந்துட்டாங்க பாருங்க. நோட்ல எழுத வேண்டியது இந்த மூணு பேரத்தான், 'குறைத்தல்' இல்ல.

இந்தக் கூட்டாளி வார்த்தைகள எங்க போய் தேடறதுன்னா, லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு தனியா ஒரு வகை இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் எல்லாருமே நெட்ல ஃப்ரீயா வெச்சிருக்காங்க, சுலபமான வார்த்தையில அர்த்தம், கீழ ரெண்டு மூணு நிஜ உதாரணம். 1987-ல வந்த கோபில்ட் டிக்ஷனரி இன்னும் ஒரு படி மேல போய், அர்த்தத்தையே முழு சென்டன்ஸா எழுதிச்சு, அந்த வார்த்தை யார் கூட எப்படி வரும்னு அர்த்தத்துக்குள்ளயே தெரிஞ்சிடும். ஒரு வார்த்தைக்கு நாலு உதாரணம் படிச்சுட்டு அப்புறம் சொந்த சென்டன்ஸ் போடறவங்க கிட்ட, சூப்ப ஸ்டிமுலேட் பண்ற கேஸ் ரொம்பக் கம்மி.

கூட்டாளி மட்டும் இல்ல, வார்த்தைக்கு ஒரு வாடையும் உண்டு. 2017 மே மாசம் சசி தரூர் ஒரு ட்வீட்ல ஃபராகோன்னு போட்டாரு, நாடே டிக்ஷனரிய தொறந்துச்சு. கலவைன்னு அர்த்தம் பாத்துட்டு, எங்க அம்மா சாம்பார் ஒரு ஃபராகோ ஆஃப் வெஜிடபிள்ஸ்னு எழுதினா அம்மாவ திட்டின மாதிரி. தரூர் அத பொய், திரிப்பு இதோட சேத்துத்தான் போட்டிருந்தாரு, அந்த வார்த்தைக்கு இடமே அதுதான். லத்தீன்ல அது மாட்டுக்குப் போடற கலப்புத் தீவனம்ங்கறது வேற விஷயம். அதே மாதிரி நொட்டோரியஸ்ஸ 'பிரபலமான'ன்னு மட்டும் படிச்சுட்டு அப்துல் கலாம நொட்டோரியஸ் சயின்டிஸ்ட்னு எழுதிடக்கூடாது, அது கெட்ட பேர் வாங்கினவங்களுக்கு.

அடுத்து, வெத்து சென்டன்ஸ். இது தப்புன்னே நிறைய பேருக்குத் தெரியாது, ஏன்னா பாக்க சரியா இருக்கும். கிரிகேரியஸ்னு வார்த்தை, ஜனங்களோட ஒட்டிப் பழகறவர்னு அர்த்தம். நோட்ல 'மை அங்கிள் ஈஸ் கிரிகேரியஸ்'னு இருக்கும். தப்பே இல்ல. ஆனா அந்த வார்த்தைய விரலால மறைச்சுட்டு படிங்க, அங்கிள் உயரமானவரா இருக்கலாம், கஞ்சனா இருக்கலாம், கோவக்காரரா இருக்கலாம். அந்த வார்த்தையோட எந்த ஒட்டுறவும் இல்லாத சென்டன்ஸ், எழுதி முடிச்ச உடனே கையும் மனசும் மறந்துடும். இப்போ இத பாருங்க, 'மை அங்கிள் ஈஸ் ஸோ கிரிகேரியஸ் தட் பை காட்பாடி ஹி நோஸ் த ஹோல் கோச் பை நேம்'. சென்ட்ரல்ல ஏறி காட்பாடி வர்றதுக்குள்ள கோச்ல இருக்கற அத்தனை பேர் பேரும் தெரிஞ்சு வெச்சிருக்கற ஒரு மாமா உங்க சொந்தத்துலயும் இருப்பாரு, அவர நெனச்சு எழுதுங்க. இப்போ விரலால மறைச்சாலும் அங்க என்ன வார்த்தை வரணும்னு பக்கத்துல இருக்கறவங்க ஏறக்குறைய சொல்லிடுவாங்க.

ஜிஆர்இ படிக்கறவங்களுக்கு இது நேரடியா மார்க். 2011 ஆகஸ்ட்ல பேட்டர்ன் மாத்தினப்போ எதிர்ப்பதம், அனாலஜி ரெண்டையும் எடுத்துட்டாங்க, அதுலேர்ந்து வொக்காபுலரிய சோதிக்கறதே கோடிட்ட இடத்த நிரப்பறதுலதான், சென்டன்ஸ்ல மறைஞ்சிருக்கற க்ளூவ புடிக்கணும். க்ளூ வெச்சு நீங்களே சென்டன்ஸ் எழுதிப் பழகினா, அவங்க எங்க ஒளிச்சு வெப்பாங்கன்னு கண்ணு தானா போகும்.

இப்போ சொல்லப் போறது கொஞ்சம் பேருக்கு கசக்கும். வார்த்தைய பாத்த அந்த நிமிஷமே சென்டன்ஸ் போடறது அவ்ளோ லாபம் இல்ல. 2004-ல ஜோ பார்க்ராஃப்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஸ்பானிஷ் புதுசா படிக்கற மாணவர்கள வெச்சு பாத்தாரு, 24 புது வார்த்தை. முதல் தடவை வார்த்தைய பாக்கும்போதே சென்டன்ஸ் எழுத வெச்சப்போ, சும்மா திரும்பத் திரும்ப பாக்க விட்டத விட கம்மியாத்தான் ஞாபகம் நின்னுச்சு. யோசிச்சா புரியுது, இன்னும் ஸ்பெல்லிங்கே மண்டையில உக்காரல, அதுக்குள்ள சென்டன்ஸுக்கு கதை யோசிச்சா மூளை கதைக்குத்தான் போகும், வார்த்தை நழுவிடும். அப்புறம் 2006-ல கீத் ஃபோல்ஸ் 154 மாணவர்கள் கிட்ட இன்னொண்ணு பண்ணாரு. சில வார்த்தைகளுக்கு ஒரே ஒரு கோடிட்ட இடம் நிரப்பறது, சிலதுக்கு மூணு தடவை நிரப்பறது, சிலதுக்கு சொந்தமா ஒரு சென்டன்ஸ். ஜெயிச்சது மூணு தடவை நிரப்பினது. சொந்த சென்டன்ஸ் ஒண்ணு எழுதினதுக்கும் ஒரே ஒரு தடவை நிரப்பினதுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல.

இதுலேர்ந்து நான் எடுத்துக்கறது, ஒரு வார்த்தைய எத்தனை தடவை மண்டையிலேர்ந்து தேடி எடுக்கறோம்ங்கறதுதான் கணக்கு. அதனால முதல் நாள் சத்தமா படிங்க, உதாரணம் பாருங்க, விட்டுடுங்க. மறுநாள் புக்க மூடிட்டு ஞாபகம் இருக்கறத சொல்லிப் பாருங்க. மூணாவது நாலாவது நாள் சொந்த சென்டன்ஸ், அடுத்த வாரம் அதே வார்த்தைக்கு வேற சென்டன்ஸ், அதுவும் பழைய சென்டன்ஸ பாக்காம. டெய்லி பத்துங்கற கணக்கு இதுல அடிபடும்தான், நாலஞ்சு போதும். பத்து பத்தா எழுதி ரொம்பின நோட்ட எடுத்து நடுவுல ஒரு பக்கத்த தொறந்து கேட்டா பாதி வார்த்தைக்கு முழிக்கறத விட இது மேல்.

சினானிம்ஸ ஒரே நாள்ல கொத்தா படிக்கறதும் இதோட சேந்ததுதான். பெரிய லிஸ்ட்ட 'குறைத்தல்' குரூப், 'புகழ்தல்' குரூப்னு பிரிச்சு குடுப்பாங்க, பாக்க நீட்டா இருக்கும், ஆனா 1993-ல டிங்கம், 1997-ல வாரிங் ரெண்டு பேரும் பாத்ததுல, அர்த்தம் நெருக்கமான புது வார்த்தைகள ஒண்ணா படிச்சவங்களுக்கு அதிக நேரம் புடிச்சுது, ஒண்ணோட ஒண்ணு குழம்புது. மேல நான் நாலையும் ஒண்ணா சொன்னது வித்தியாசம் காட்டறதுக்கு. படிக்கும்போது ஒண்ணு நல்லா உக்காந்தப்புறம் அடுத்தத எடுங்க.

வார்த்தைக்குப் பின்னாடி என்ன வரும்ங்கறத எழுதாம விடறது அடுத்தது. டிஸ்கஸ்னு மட்டும் எழுத வேண்டிய இடத்துல டிஸ்கஸ் அபௌட்னு நம்மாளுங்க எழுதறதுக்கு காரணம் தமிழ்ல 'அத பத்தி' பேசறோம், அந்த 'பத்தி' போற இடமெல்லாம் அபௌட்டா ஒட்டிக்குது. எம்ஃபசைஸ் ஆன், கோப் அப் வித் இதெல்லாமும் இந்த வகைத் தப்புதான், எம்ஃபசைஸ், கோப் வித் போதும். பெரிய வார்த்தைகள்லயும் அப்படியே, டிவாய்ட் (இல்லாத) வந்தா ஆஃப் வரணும், அவர்ஸ் (விருப்பமில்லாத) வந்தா டு வரணும், பிரிக்ளூட் (முடியாம தடுக்கறது) வந்தா ஆள சொல்லிட்டு ஃப்ரம் போட்டு ஐஎன்ஜி. 1942-லயே ஜப்பான்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்த ஹார்ன்பி, ஒரு வெர்புக்குப் பின்னாடி என்ன வரும்ங்கற வெர்ப் பேட்டர்ன் எல்லாம் சேத்து டோக்கியோல ஒரு டிக்ஷனரி போட்டாரு, இன்னிக்கு இருக்கற ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரிக்கு மூலம் அதுதான். நோட்ல வார்த்தைய தனியா எழுதாம அந்த வாலோட சேத்து எழுதினா முக்கால்வாசி பிரச்சனை தீரும்.

அப்புறம் இந்த ரீல்ஸ். வெரி ஹேப்பின்னு சொல்லாதீங்க எக்ஸ்டாட்டிக்னு சொல்லுங்க, வெரி டயர்டுன்னு சொல்லாதீங்கன்னு கார்டு கார்டா வருது. அத பாத்துட்டு மேனேஜருக்கு 'ஐ ஆம் எக்ஸ்டாட்டிக் டு அட்டாச் த இன்வாய்ஸ்'னு மெயில் போனா அவர் என்ன நெனப்பாரு. பல்லு வெளக்கறத கமென்ஸ் பண்ண வேண்டாம், ஸ்டார்ட்டே போதும். ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல வொக்காபுலரிக்கு கால் பங்கு மார்க் இருக்குங்கறது உண்மைதான், ஆனா எந்த மார்க்குக்கு எப்படி எழுதணும்னு சொல்ற அந்த பேண்ட் விளக்கத்த எடுத்துப் படிங்க, அரிதான வார்த்தை போட்டா மட்டும் போதும்னு இல்ல, ஸ்டைலும் கூட்டாளி வார்த்தையும் தெரிஞ்சு போடறாங்களான்னும் பாக்கறாங்க. 250 வார்த்தை எஸ்ஸேல அஞ்சு தடவை பிளெதோரா (ஏராளம்) வந்தா எக்ஸாமினருக்கு எல்லாம் புரிஞ்சிடும்.

சாட்ஜிபிடி கிட்ட சென்டன்ஸ் கேட்டு காப்பி பண்றது இப்போ புது பழக்கம். நம்மளா யோசிச்சு வரவெச்ச வார்த்தை, சும்மா படிச்ச வார்த்தைய விட ஞாபகம் நிக்கும்னு 1978-லயே ஸ்லமெக்கா, கிராஃப் ரெண்டு பேரும் காட்டிட்டாங்க, அந்த யோசிக்கற வேலைய மெஷின் கிட்ட குடுத்துட்டா மிச்சம் கையெழுத்துப் பயிற்சிதான். நீங்க எழுதுங்க, திருத்த மட்டும் குடுங்க. அதுவும் 'கரெக்ட்டா?'ன்னு கேட்டா பெரும்பாலும் தலைய ஆட்டிடும், 'இங்கிலீஷ்காரங்க இத இப்படித்தான் சொல்லுவாங்களா, இந்த வார்த்தை கூட வழக்கமா என்ன வரும்'னு கேளுங்க. சந்தேகமா இருந்தா அந்த ரெண்டு மூணு வார்த்தைய மட்டும் கொட்டேஷன் மார்க்குக்குள்ள போட்டு நியூஸ்ல தேடிப் பாருங்க, நாலு நல்ல பேப்பர்ல கூட வரலேன்னா விட்டுடலாம்.

கடைசியா ஒண்ணு, எழுதறதோட நிறுத்திடாதீங்க. இன்டர்வியூல ஒருத்தர் ரொம்ப கான்ஃபிடன்ட்டா எபிடோம்னு சொல்லுவாரு, அது இபிட்டமி. ஹைபர்போல் இல்ல, ஹைபர்பலி. எழுதும்போது ஸ்பெல்லிங் எல்லாம் கரெக்ட்டாத்தான் எழுதியிருப்பாரு, வாய் விட்டு சொல்லியே பாத்திருக்க மாட்டாரு. நெட் டிக்ஷனரில அந்த ஸ்பீக்கர் படம் இருக்குல்ல, சென்டன்ஸ் போடறதுக்கு முன்னாடி அத ஒரு தட்டு தட்டி கேட்டுட்டு, வார்த்தைக்குப் பக்கத்துலயே தமிழ்ல சத்தத்த எழுதி வெச்சுக்கோங்க.