மாநில நெடுஞ்சாலையோரம் வாசல் வைக்கும்போது செய்யும் தவறுகள்

மனை வாங்குகிறவர் பட்டா பார்க்கிறார், வில்லங்கச் சான்று எடுக்கிறார், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வருமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார். வேலிக்கும் தார் விளிம்புக்கும் நடுவே கிடக்கிற சில அடி மண் யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலை ஓரம் வீடோ கடையோ கட்டியவர்கள் பிறகு படும் பாட்டுக்குப் பெரும்பாலும் அந்த மண்தான் காரணம். அது நெடுஞ்சாலைத்துறையின் நிலம். உங்கள் மனை சாலையைப் பார்த்து இருந்தாலும், அந்த நிலத்தின் மேல் வழி அமைக்கத் துறையின் அனுமதி வேண்டும்.

எந்தச் சாலை என்று தெரியாமலே அலைவது முதல் தவறு. கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. சாலையின் வகை காலப்போக்கில் மாறவும் செய்யும். மாநில நெடுஞ்சாலை 49 என்று அறியப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரையிலான பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. பக்கத்து வீட்டுக்காரர் முன்பு விண்ணப்பித்த அலுவலகத்துக்கே நீங்களும் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, அதுவே போதும் என்று இருந்துவிடுபவர்கள் நிறைய. கட்டடத்துக்கான அனுமதி வேறு, சாலைக்கு வழி அமைப்பதற்கான அனுமதி வேறு. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001, நெடுஞ்சாலையின் எல்லையையும், கட்டட எல்லைக்கோட்டையும் (இதற்கும் சாலைக்கும் இடையே கட்டடம் கட்டக்கூடாது), அதற்கு அப்பால் உள்ள கட்டுப்பாட்டுக் கோட்டையும் (இதுவரை கட்டுமானம் துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது) வரையறுக்கத் துறைக்கு அதிகாரம் தருகிறது. சமவெளியில், ஊருக்கு வெளியே உள்ள திறந்தவெளியில், சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி இந்த இரண்டு கோடுகளும் சாலையின் நடுக்கோட்டிலிருந்து முறையே 40 மீட்டரிலும் 75 மீட்டரிலும் அமைகின்றன. ஊருக்குள் அளவுகள் குறையும். உங்கள் புல எண்ணுக்கு எது பொருந்தும் என்பதைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரகர் வாய்ச்சொல்லை நம்பி அடித்தளம் தோண்டாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைப்பது சாலையோர வடிகாலை மூடுவது. கட்டுமான லாரி உள்ளே வர வேண்டும் என்று இரண்டு டிராக்டர் மண்ணைப் பள்ளத்தில் கொட்டுகிறார்கள். வீடு கட்டி முடிந்த பிறகும் அந்த மண் அங்கேயே கிடக்கிறது. ஐப்பசி மழையில் மேற்புறத்துத் தண்ணீர் வந்து முட்டி, எதிரே உள்ள தாழ்ந்த வீடுகளுக்குள் புகுகிறது. இல்லையென்றால் தார் மேல் ஏறி நிற்கிறது. தேங்கிய நீர் தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடும். விளிம்பு உடையும், அங்கே குழி விழும், இரவில் இருசக்கர வண்டியில் வருகிறவர் அதில் விழுவார். ஒருவர் வாசலுக்காகத் தெருவே நனைய வேண்டுமா?

பெயருக்கு அரை அடி பிவிசி குழாய் ஒன்றைப் புதைப்பதும் தீர்வாகாது. தூர் எடுக்க முடியாத குழாய், சருகும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும். பொறியாளர் குறிக்கும் அளவில் சிறுபாலம் கட்டுங்கள். அதன் அடிமட்டம் வடிகாலின் மட்டத்திலேயே இருக்கட்டும். மேலே கழற்றி எடுக்கக்கூடிய கான்கிரீட் பலகை போட்டால் பின்னால் சுத்தம் செய்வது எளிது. சாய்தளம் தார் விளிம்பிலிருந்து முதலில் மனைப்பக்கம் தாழ்ந்து செல்ல வேண்டும். வாசல் கழுவிய நீரும் சரளையும் சாலைக்கு வரக்கூடாது.

அடுத்தது பார்வைத் தூரம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 120 மீட்டர் வேண்டும். வளைவின் உட்புறத்திலும் மேட்டைத் தாண்டிய உடனேயும் பாலத்தை ஒட்டியும் வாசல் வைத்தால் அவ்வளவு தூரம் தெரியாது. சுவர் எழுப்புவதற்கு முன், வாசல் வரப்போகிற இடத்தில் காரில் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து இருபுறமும் பாருங்கள். புளியமரம் மறைத்தால் வாசலைத்தான் நகர்த்த வேண்டும். சாலையோர மரம் துறையின் சொத்து, அனுமதியின்றி வெட்டக்கூடாது. கேட்டை எல்லையிலிருந்து ஒரு வண்டி நீளமாவது உள்ளே தள்ளி, உட்புறமாகத் திறக்கும்படி வையுங்கள்.

குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கிய வழியில் பிறகு கல்யாண மண்டபமோ லாரி நிறுத்தமோ நடத்துகிறவர்களும் உண்டு. முகூர்த்த நாளில் வந்து திரும்பும் வண்டிகளின் எண்ணிக்கையே வேறு. பயன்பாடு மாறினால் மீண்டும் விண்ணப்பிப்பதே முறை.

அனுமதி ஆணையையும் அதோடு வந்த வரைபடத்தையும் பத்திரத்துடன் சேர்த்து வையுங்கள். சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அது இல்லையென்றால் உங்கள் சிறுபாலமும் சாய்தளமும் ஆக்கிரமிப்புக் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.